சித்திரப் பாடமும் வட்டைக்கு வரும் யானையும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் கரையோர ஊர்களில் தரம் 6, தரம் 7 படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "விரும்பியதை வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை வரும். நடுவில் பாதிச் சூரியன் வரும். ஒரு ஆறு, ஓலைக் குடிசை, பக்கத்தில் தென்னை மரம். வானத்தில் கூரை போல நாலு கோடு, அதுதான் பறவை.

எங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது? இந்தப் பிள்ளைகள் தினமும் பார்ப்பது கடல், களப்பு, வட்டை. மதிலில் காகம், குளக்கட்டில் கொக்கு, வேளாண்மை வெட்டுக் காலத்தில் வீட்டில் எல்லோரும் பேசுகிற யானை. இவற்றில் ஒன்றுகூடத் தாளில் இல்லை. பிள்ளை எதையும் பார்த்து வரையவில்லை. வேறொரு படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ததை வரைந்திருக்கிறது.

இது சித்திர ஆசிரியர்களைக் குறை சொல்லும் பதிவல்ல. பார்க்கப் பழக்காத கல்வி எதை இழக்கிறது என்பதைப் பற்றிய பதிவு. பல நாட்களாக மனதில் கிடந்த விடயம். விடுமுறையில் உறவினர் வீட்டுக்காக அமெரிக்கா போனபோது பார்த்த ஒரு நூதனசாலை இதை எழுதவைத்தது.

நாங்கள் தங்கியிருந்தது சோல்ட் லேக் சிட்டியில். அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஓடினால் வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் என்ற சிறு நகரம். யெலோஸ்டோன், கிராண்ட் டீட்டன் என்ற இரண்டு பெரிய தேசியப் பூங்காக்களுக்குத் தெற்கு வாசல் மாதிரி. நாங்கள் போனது பனிக்காலம். நகரத்தை விட்டு வடக்கே கொஞ்சத் தூரத்தில், ஒரு மேட்டின் சரிவில், பாறையோடு பாறையாக ஒரு கல் கட்டடம். தூரத்திலிருந்து பார்த்தால் இடிந்த பழைய கோட்டை என்றுதான் நினைப்பீர்கள். ஸ்கொட்லாந்தின் ஸ்லெய்ன்ஸ் கோட்டையின் இடிபாடுகளை மனதில் வைத்துத்தான் கட்டினார்களாம். அதுதான் வனவிலங்குக் கலைக்கான தேசிய நூதனசாலை. 1987இல் நகரத்துக்குள் சிறிதாகத் தொடங்கி, 1994இல் இந்த இடத்துக்கு வந்தது. 2008இல் அமெரிக்க காங்கிரஸ் அதற்கு தேசிய அந்தஸ்து கொடுத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். பழங்குடிகள் கி.மு. 2500 அளவில் கல்லில் செதுக்கிய பறவை உருவங்களிலிருந்து இன்றைய ஓவியர்கள் வரை எல்லாமே விலங்குகள், பறவைகள்தான்.

உள்ளே இருக்கும் படங்களை விட முதலில் எங்களைப் பிடித்து நிறுத்தியது அந்த இடம் பார்த்து நிற்கும் திசை. பாதைக்கு அப்பால் வெள்ளை வெளி விரிகிறது. ஏறத்தாழ 25,000 ஏக்கர். அது எல்க் மான்களுக்கான சரணாலயம். பனிக்காலத்தில் மலைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் இறங்கி வருகின்றன. ஒவ்வொன்றும் எங்கள் மரையை விடப் பெரியது. உள்ளே ஓவியத்தில் நிற்கும் அதே விலங்கு, வெளியே உண்மையில் நிற்கிறது.

அந்தச் சரணாலயம் வந்த கதைதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம்.

மான்கள் பனிக்காலத்தைக் கழித்த பள்ளத்தாக்கில் மனிதர்கள் ஊர் அமைத்தார்கள், மாட்டுப்பண்ணை வைத்தார்கள், வேலி போட்டார்கள். பசித்த மான்கள் என்ன செய்யும்? மாடுகளுக்கென்று அடுக்கி வைத்திருந்த காய்ந்த புல்லுக்கு வந்தன. ஒரு விவசாயியின் முழுப் பனிக்காலச் சேமிப்பும் ஓரிரு இரவில் போகும். எங்கள் வட்டைகளில் நடப்பது போலவே இல்லையா? பிறகு 1909ஆம் ஆண்டை ஒட்டி வந்த கடும் பனிக்காலங்களில் மான்கள் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்தன.

அந்த ஊரில் ஸ்டீவன் லீக் என்ற பண்ணைக்காரர் ஒருவர் இருந்தார். விஞ்ஞானியும் இல்லை, அதிகாரியும் இல்லை. மான்களால் நட்டப்பட்ட ஊரின் ஒரு மனிதர். கெமராவைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் போய், செத்துக் கிடந்த மான்களையும் சாகக் கிடந்த மான்களையும் படமெடுத்தார். அந்தப் படங்களோடு நாட்டின் பல பகுதிகளுக்கும் போய்ப் பேசினார். பத்திரிகைகளில் வந்தன. ஊர்ச்சனம் தங்கள் கையிலிருந்த புல்லைக் கொடுத்தது. மாநிலம் பணம் கொடுத்தது. 1912இல் மத்திய அரசு அந்த நிலத்தைச் சரணாலயமாக்கியது.

பக்கத்தில் இருக்கும் யெலோஸ்டோனின் கதையும் இப்படித்தான். 1871இல் அங்கு போன ஆய்வுக் குழுவில் தோமஸ் மொரான் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற படப்பிடிப்பாளரும் இருந்தார்கள். அந்த இடத்தைக் கண்ணால் காணாத வாஷிங்டன் அரசியல்வாதிகளுக்கு அவர்களுடைய படங்கள் காட்டப்பட்டன. அடுத்த ஆண்டு, 1872இல், உலகின் முதலாவது தேசியப் பூங்கா பிரகடனமானது.

இதையெல்லாம் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. யெலோஸ்டோனைப் பூங்காவாக்கிய அதே காலத்தில்தான் அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஷொஷோன் போன்ற பழங்குடிகளை வெளியேற்றினார்கள். கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளி, 19ஆம் நூற்றாண்டு முடியும்போது சில நூறு மட்டும் மிஞ்சும் நிலைக்குக் கொண்டுவந்ததும் அதே நாடுதான். அந்த நூதனசாலை பெருமையாக வைத்திருக்கும் கார்ல் ருங்கியஸ் (1869-1959) என்ற ஓவியர் ஒரு வேட்டைக்காரர். ஜேர்மனியிலிருந்து வந்தவர். சுட்ட விலங்கைக் கயிறும் கம்பியும் கட்டி உயிரோடு நிற்பது போல நிறுத்தி வைத்துப் பார்த்து வரைந்தவர். எல்க் மான்களுக்குப் பனிக்காலத்தில் தீனி போடும் வழக்கம்கூட இன்று விவாதமாகியிருக்கிறது. கூட்டமாக ஓரிடத்தில் தின்பதால் நோய் பரவும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். ஆக, ஒரு படம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது.

ஆனாலும் ருங்கியஸின் மானுக்கு முன்னால் நின்றால் ஒன்று புரியும். அந்த மனிதர் பார்த்திருக்கிறார். காலையில் ரோமத்தில் விழும் வெளிச்சம் எப்படி, மூச்சு இழுக்கும்போது விலா எப்படி, பயந்தால் காது எந்தப் பக்கம் திரும்பும் என்று வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். கையில் பென்சில் இருந்தால் கண் பொய் சொல்ல முடியாது. "மானுக்கு நாலு கால்" என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கால் எந்த இடத்தில் மடங்கும் என்று கேட்டால்தான் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்பது தெரியவரும்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் யானைப் பிரச்சினை இல்லாத பிரதேசம் குறைவு. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று செய்தி மாறி மாறி வரும். வேளாண்மை போகிறது, மதில் உடைகிறது, மனித உயிரும் போகிறது. நாடு முழுவதும் 2023இல் மட்டும் 470க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் நூற்றுக்கும் அதிகமான மனிதர்களும் யானை தாக்கி இறந்தார்கள். பள்ளக்காட்டில் கரையோரப் பிரதேசங்களின் குப்பையைக் கொட்டும் இடத்தில், எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்ரிக், பொலித்தீன் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி வந்தது. அந்தப் பொலித்தீன் யாருடைய வீட்டிலிருந்து போனது? எங்கள் வீடுகளிலிருந்தும்தான்.

இவ்வளவு நெருக்கமாக ஒரு விலங்கோடு வாழ்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? யானை வரையச் சொன்னால் அநேகமாக இரண்டு பெரிய தந்தத்தோடு வரைவார்கள். இலங்கையில் ஆண் யானைகளிலேயே தந்தமுள்ளவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. வட்டைக்கு வரும் யானை பெரும்பாலும் தந்தம் இல்லாத ஆண். அது தனியாக வந்ததா, இரண்டு மூன்று சேர்ந்து வந்ததா, காதில் கிழிசல் இருந்ததா, போன மாதம் வந்த அதே யானையா? வயற்காவலுக்குப் போகும் வாப்பாமாருக்கு இதில் பாதி தெரியும். பாடசாலைக்கு எதுவும் தெரியாது. பாடசாலையில் யானை என்றால் ஒரு கட்டுரைத் தலைப்பு. "யானை ஒரு பெரிய மிருகம். அதற்கு நீண்ட தும்பிக்கை உண்டு" என்று தொடங்கும்.

யாரும் ஊன்றிப் பார்க்காத விலங்கு இரண்டில் ஒன்றாகிவிடும். ஒன்று எதிரி, மற்றது அலங்காரம். இரண்டுக்கும் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. எதிரி என்றால் யானை வெடியும் துவக்கும். அலங்காரம் என்றால் பெரஹராப் படமும் உல்லாசப் பயணிகளின் விளம்பரமும். நட்டப்பட்ட விவசாயிக்கு இழப்பீடு எப்படிச் சேர வேண்டும், மின்வேலி எங்கே போட வேண்டும், குப்பையை எங்கே கொட்டக்கூடாது என்று பேச, அந்த விலங்கைத் தெரிந்த ஒரு சமூகம் வேண்டும். ஜாக்சனில் நட்டப்பட்ட ஊருக்குள்ளிருந்தே ஒருவர் படத்தோடு எழுந்தார். எங்கள் வட்டைகளின் கதையைக் கொழும்பிலிருந்து வரும் செய்தியாளர் ஒருவர்தான் படமெடுத்துச் சொல்ல வேண்டுமா?

இந்த இடத்தில் பலருடைய மனதிலும் எழும் கேள்வி தெரியும். "சேர், உயிருள்ளவற்றை வரையலாமா?"

பத்வா கொடுப்பது எங்கள் வேலையல்ல, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். உருவம் வரைவதைப் பற்றிய கடுமையான எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் இருப்பதும், சிலைக்கும் தாளில் வரையும் படத்துக்கும் கல்வித் தேவைக்கும் இடையில் அறிஞர்கள் வேறுபாடு காட்டியிருப்பதும், இதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருப்பதும் எல்லோரும் அறிந்தவை. முழுமையாகத் தவிர்ப்பவர்களின் பேணுதலை நாங்கள் மதிக்கிறோம். யாரையும் அதிலிருந்து மாற்றுவது இந்தப் பதிவின் நோக்கமல்ல.

ஆனால் ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. விஞ்ஞானப் பாடத்தில் தவளையும் மீனும் வரைகிறோம், மனிதனின் சமிபாட்டுத் தொகுதியைப் பெயரிட்டு வரைகிறோம். வீட்டில் பால்மாப் பெட்டியில் பசு இருக்கிறது. கையில் இருக்கும் போனில் ஆயிரம் படங்கள். அங்கெல்லாம் எழாத கேள்வி சித்திர வகுப்பில் ஒரு பிள்ளை மைனாவை வரையும்போது மட்டும் எழுகிறது. எங்கள் பாடசாலைகள் பலவற்றில் அழகியல் பாடம் என்றால் சித்திரம்தான். அந்த ஒரு பாடமும் மலை, சூரியன், குடிசையோடு முடிந்தால், பிள்ளையின் கண்ணுக்கு வேறு பயிற்சியே கிடையாது.

பேணுதல் வேறு, பாராமுகம் வேறு. எங்கள் மார்க்கம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குர்ஆனில் பசு, தேனீ, எறும்பு, சிலந்தி, யானை என்று சூராக்களுக்கே பெயர் இருக்கிறது. ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும்படி அல்-காஷியா சூரா எங்களைக் கேட்கிறது. பஸராவின் அல்-ஜாஹிழ் 9ஆம் நூற்றாண்டில் விலங்குகளைப் பற்றி ஏழு பாகங்களில் கிதாபுல் ஹயவான் எழுதினார். 1405இல் மறைந்த எகிப்தின் அத்-தமீரி விலங்குகளுக்கென்றே அகரவரிசையில் ஒரு கலைக்களஞ்சியம் தந்தார். அவர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த ஒரு மார்க்க அறிஞர் என்பதையும் கவனியுங்கள். விலங்கைப் பற்றித் தெரிந்துகொள்வது மார்க்கத்துக்கு வெளியே உள்ள வேலை என்று அவர் நினைக்கவில்லை.

ஓவியத்திலும் எங்கள் வரலாறு வெறுமையானதல்ல. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்சூர் என்று ஒருவர் இருந்தார். "நாதிருல் அஸ்ர்", காலத்தின் அதிசயம் என்று அரசரே பட்டம் கொடுத்தார். 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியை அவர் வரைந்தது இன்று லண்டனில் இருக்கிறது. சைபீரியக் கொக்கை அவர் வரைந்தது கொல்கத்தாவில் இருக்கிறது. ஐரோப்பிய அறிவியல் அந்தக் கொக்குக்குப் பெயர் வைக்க இன்னும் நூற்றைம்பது வருடம் போன்ற காலம் எடுத்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன டோடோ பறவையை உயிரோடு பார்த்து வண்ணத்தில் வரைந்த மிகச் சில படங்களில் ஒன்று அவருடையது என்று கருதப்படுகிறது. அது ரஷ்யாவில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருக்கிறது. அந்தப் பறவை எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் விலங்கியலாளர்கள் இன்றும் அந்தப் படத்தைத் தேடிப் போகிறார்கள்.

இலங்கையிலும் அப்படி ஒருவர் இருந்தார். 1752 முதல் 1757 வரை இங்கு ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், இலங்கையில் பிறந்த டி பெவரே என்பவரைக் கொண்டு எங்கள் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அந்தச் சித்திரங்களை வைத்துத்தான் தோமஸ் பெனன்ட் 1769இல் தன் நூலை வெளியிட்டார். எங்கள் நாட்டுக்கே உரிய சிவப்புமுக மல்கொஹா உலக அறிவியலுக்குள் பெயரோடு நுழைந்தது அந்த நூலின் வழியாகத்தான். இந்த மண்ணில் பிறந்த ஒருவர் ஊன்றிப் பார்த்ததன் பலன் அது. மூலச் சித்திரங்கள் இன்று லண்டனில்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாத சில யோசனைகள்.

ஒன்று, வாரத்தில் ஒரு சித்திரப் பாடவேளையை வகுப்புக்கு வெளியே எடுங்கள். ஒரு பிள்ளை ஒரு பொருளைப் பத்து நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். பிறகுதான் பென்சில்.

இரண்டு, உயிருள்ளவற்றை வரைவதில் தயக்கம் இருந்தால் அவை விட்டுச்சென்றவற்றை வரையலாம். தூக்கணாங்குருவியின் கூடு, மயிலின் இறகு, ஆமை ஓடு, யானை முறித்த கிளை, வட்டை வரம்பில் பதிந்த யானையின் கால்தடம். இதில் யாருக்கும் மார்க்கப் பிரச்சினை வராது. யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்கினால், அந்த யானையின் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். சித்திரம், கணிதம், விஞ்ஞானம் மூன்றும் ஒரே பாடவேளையில். காலையில், பெரியவர்களோடு, யானை போய்விட்டது என்று உறுதியான பிறகு மட்டும் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்று, யானை வந்த இடம், நாள், நேரம், எத்தனை, எந்தப் பக்கமாகப் போனது என்பதை வகுப்புச் சுவரில் ஒரு ஊர்ப் படத்தில் குறித்து வாருங்கள். வயற்காவலுக்குப் போகும் வாப்பாமாரிடம் பிள்ளைகள் கேட்டு வரட்டும். ஒரு போகம் முடியும்போது உங்கள் பாடசாலையின் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். பிரதேச செயலகக் கூட்டத்தில் விவசாயிகள் சங்கம் வெறும் கோபத்தோடு போகாமல் அந்தப் படத்தோடு போகலாம்.

நான்கு, சித்திரக் கண்காட்சி வைத்தால் தலைப்பைப் "இயற்கைக் காட்சி" என்று போடாதீர்கள். "எங்கள் குளம்", "எங்கள் வட்டை", "எங்கள் களப்பு" என்று போடுங்கள். மலை தானாகவே மறைந்துவிடும்.

ஐந்து, இந்தப் பதிவை வாசிக்கும் மௌலவிமார்களிடம் ஒரு வேண்டுகோள். கல்விக்காக வரைவதன் எல்லைகளைப் பற்றிச் சித்திர ஆசிரியர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். தெளிவு இல்லாத இடத்தில் ஆசிரியர் பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார், பிள்ளையும் மலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஜாக்சனைப் போலப் பெரிய கட்டடம் எங்களுக்கு வேண்டியதில்லை. எங்கள் பாடசாலைகளின் யன்னலுக்கு வெளியேயும் சரணாலயங்கள் இருக்கின்றன. குளத்தில் நாரை நிற்கிறது. வட்டைக்கு யானை வருகிறது. அடுத்த தவணையில் ஒரு பாடவேளையாவது அந்தப் பக்கம் பிள்ளைகளைத் திருப்புவோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் பாடசாலையில் ஏற்கெனவே இப்படி ஏதாவது செய்கிறீர்கள் என்றால் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் வரைந்த கால்தடம், கூடு, இறகு எதுவானாலும் படமெடுத்துப் போடுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.

வஸ்ஸலாம்.